ஒரே போடியார், இரண்டு வட்டை

லண்டன் தமிழ் ராப் பாடகி எம்.ஐ.ஏ.யின் ‘மாதா’ அல்பம் 2022 ஒக்டோபர் 14ஆம் திகதி வெளிவந்தது. அதற்கு முந்தைய ‘ஏய்ம்’ 2016 செப்டெம்பரில் வந்தபோது, இதுவே கடைசி என்று அவரே சொல்லியிருந்தார். கடைசி என்று சொன்ன பிறகும் ஒன்று வந்ததே என்று ஒரு பேச்சு. அல்பத்தில் இருந்த கொம்பனிப் பெயர் மாறிவிட்டதே என்று இன்னொரு பேச்சு. அமெரிக்காவில் ‘அருளர்’ தொடங்கி ‘ஏய்ம்’ வரைக்கும் கூடவே வந்த இன்டர்ஸ்கோப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் ஐலண்ட் ரெக்கோர்ட்ஸ் என்று இருந்தது.

ராப் உலகத்தில் லேபல், அதாவது பாட்டை வெளியிடும் கொம்பனி, மாறுவது சின்ன விஷயமில்லை. 2006இல் நாஸ் கொலம்பியாவிலிருந்து டெஃப் ஜாம் பக்கம் போனார். அங்கே தலைவராக உட்கார்ந்திருந்தவர் அவரோடு வருடக்கணக்காகப் பாட்டிலேயே சண்டை பிடித்த ஜே-ஸி. 2014இல் 50 சென்ட் இன்டர்ஸ்கோப்பை விட்டு வெளியே வந்து ‘அனிமல் அம்பிஷன்’ போட்டார். ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் சொல்வது ஒரே கதைதான்: ஆள் தப்பி வந்துவிட்டார், இனித்தான் உண்மையான பாட்டு வரும். ‘மாதா’ வந்தபோது என் மருமகனும் அதையேதான் சொன்னான். “இனி அவட பாட்டு அவட கையில மாமா.”

மருமகன் என்றால் என் தங்கச்சியின் மகன். அவனும் ராப் பாடுகிறவன்தான். நான் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு நொத்தாரிசிடம் நெடுங்காலம் கிளாக்கராக இருந்தவன். காணி உறுதிப் பத்திரம் எழுதுவது, காணிப் பதிவகத்தில் பழைய உறுதி தேடுவது, எல்லைத் தகராறில் இரண்டு பக்கத்தாரின் கதையையும் கேட்டுக்கொண்டு தேநீர் குடிப்பது, இதுதான் என் தொழில். எனக்கு ராப்பில் நல்லது எது கெட்டது எது என்று பிரித்துச் சொல்லப் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் ‘அவட கையில’ என்று யாராவது சொன்னால், எந்த உறுதிப்படி என்று கேட்கத்தான் வாய் வரும். அந்தக் கேள்வியோடுதான் ‘மாதா’வைக் கேட்டேன். பிறகு மருமகனுக்கே ஒரு கொம்பனியிடமிருந்து ஒப்பந்தம் வந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எம்.ஐ.ஏ.யின் கணக்கு. மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இடையில் மதராசில் கொஞ்சக் காலம் இருந்து, 1986 அளவில் மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்த குடும்பம். அப்பா அருளர், ஈழப் போராட்ட இயக்கங்களில் ஒன்றான ஈரோஸின் தொடக்க காலத்து ஆட்களில் ஒருவர். மட்டக்களப்பில் அறுபது தாண்டியவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், 1989 தேர்தலில் ஈரோஸ்காரர் சுயேச்சையாக நின்று பதின்மூன்று இடம் பிடித்த கதைக்குப் போய்விடுவார்கள். மகள் பாடகி என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மருமகனின் கூட்டாளிகளுக்கோ மகளைத் தெரியும், அப்பாவைத் தெரியாது.

2003இல் ‘கலாங்’ என்ற அவரது பாட்டை லண்டனில் ஒரு சிறிய லேபல் 500 இசைத்தட்டு மட்டும் அடித்து விட்டது. அதைக் கேட்டுத்தான் எக்ஸ்எல் ரெக்கோர்டிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கப் பக்கத்தை இன்டர்ஸ்கோப் எடுத்துக்கொண்டது. 2005இல் ‘அருளர்’. விலகிப்போன அப்பா எப்போதாவது தன் பெயரை இணையத்தில் தேடுவார், அப்போது மகளின் அல்பம் கண்ணில் படட்டும் என்பதற்காக வைத்த பெயராம். அப்பா பார்த்தார். பெயரை மாற்று என்று மின்னஞ்சல் போட்டார். மகள் மாற்றவில்லை.

2007இல் அம்மாவின் பெயரில் ‘கலா’. எனக்கு அவருடைய அல்பங்களில் இன்றுவரை பிடித்தது இதுதான். அமெரிக்க விசா சிக்கலில் மாட்டியதால், அங்கே போய் ஒலிப்பதிவு செய்ய முடியாமல் இந்தியா, டிரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைந்து செய்த அல்பம். சென்னையில் கோயில் மேளக்காரர்களை வைத்து உறுமி அடிக்கவிட்டுப் பதிந்த சத்தம்தான் ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டின் முதுகெலும்பு. ‘பம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ துண்டு துண்டாக வெட்டிப் போடப்பட்டிருக்கும். 1991இல் அந்தக் கசற் வந்தபோது எங்கள் பக்கம் கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் அது ஓடாத நாளில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக்கூடக் கேட்டவர்கள் நாங்கள். அதே எஸ்.பி.பி., யேசுதாஸ் பாட்டின் சத்தம், பதினாறு வருடம் கழித்து லண்டன் பெண் ஒருத்தியின் ராப்புக்குக் கீழே இருந்து வந்தபோது ஏற்பட்ட திகைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. யாரோ எங்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்துவிட்டார்கள் என்ற எரிச்சலும் கொஞ்சம் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

இதே அல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. அடுத்த வருடம் ரஹ்மானோடு சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’வுக்கு ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. கொம்பனிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதற்குப் பிறகுதான் இழுபறி. நாலாவது அல்பமான ‘மாதங்கி’ முடிந்து கிடந்தது, கொம்பனி வெளியிடவில்லை. பாட்டுகள் அளவுக்கு மீறி நம்பிக்கையான தொனியில் இருக்கிறதாம், கொஞ்சம் இருட்டாக்கிக் கொண்டு வரச் சொன்னார்களாம். இதை அவரே சொல்லியிருக்கிறார். 2013 ஓகஸ்ட் மாதம் பொறுமை போய், இனியும் தாமதித்தால் நானே இணையத்தில் கசியவிடுவேன் என்று ட்விட்டரில் மிரட்டினார். பிறகு சுறுக்காகத் திகதி குறித்தார்கள். நவம்பரில் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாட்டு எழுதியவர் அவர், பாடியவர் அவர், அட்டைப் படத்தில் இருப்பதும் அவர். வெளியிட முடியாதவரும் அவர்தான். ஏன்? ஒலிப்பதிவு ஒன்றில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிந்த அந்தக் குறிப்பிட்ட பதிவு இன்னொன்று. இரண்டாவதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். பெரிய லேபலோடு செய்யும் வழக்கமான ஒப்பந்தத்தில் மாஸ்டர் லேபலுக்குப் போகும். கலைஞருக்கு முற்பணம் கிடைக்கும், விற்பனையில் ஒரு பங்கு கிடைக்கும். அந்தப் பங்கும் முற்பணம், ஒலிப்பதிவுச் செலவு, வீடியோச் செலவில் ஒரு பகுதி எல்லாம் கழிந்த பிறகுதான் கைக்கு வரும்.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதை விளக்க நீட்டி முழக்கத் தேவையில்லை. போடியார் முறையை நினைத்தால் போதும். வயல் போடியாருடையது. விதை நெல்லும் சாப்பாட்டு நெல்லும் அவர் முன்கூட்டியே தருவார். முல்லைக்காரன் உழுது விதைத்து, இரவில் பன்றிக்குக் காவல் இருந்து, சூடு மிதித்து நெல்லைக் களவெட்டியில் குவிப்பான். பொலி அளக்கும்போது முதலில் கழிவது போடியார் கொடுத்த கடன். மிச்சத்தில்தான் பங்கு. விளைச்சல் நன்றாக இருந்த வருடத்திலும் முல்லைக்காரன் கடனோடு வீடு போனதுண்டு. அடுத்த போகத்துக்கும் அவரிடம்தான் வர வேண்டும்.

சரி, ‘மாதா’வுக்கு வருவோம். இன்டர்ஸ்கோப் 1990இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. டொக்டர் டிரே, எமினெம், 50 சென்ட் எல்லாம் வளர்ந்த வீடு. ஐலண்ட் அதைவிட மூத்தது. 1959இல் ஜமெய்க்காவில் கிறிஸ் பிளாக்வெல் தொடங்கியது. லண்டனுக்கு வந்து, மினி கூப்பர் காரில் இசைத்தட்டுகளை ஏற்றிக்கொண்டு ஜமெய்க்கக் குடியேறிகளின் கடை கடையாக விற்ற மனிதர். பொப் மார்லியை உலகத்துக்குக் கொண்டுபோனது அந்த லேபல். எம்.ஐ.ஏ.யின் முதல் பாட்டிலிருந்தே ஜமெய்க்காவின் டான்ஸ்ஹோல் தாளம் ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் அவர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார் என்று அழகாக ஒரு பந்தி எழுதலாம். சிலர் எழுதவும் செய்தார்கள்.

ஆனால் தேடல் போட்டுப் பார்த்தால் வேறு கதை. பிளாக்வெல் 1989இல் ஐலண்டை பொலிகிராமுக்கு விற்றுவிட்டார். 1998இல் பொலிகிராமை யுனிவர்சலின் தாய்க் கொம்பனியான சீகிராம் வாங்கி யுனிவர்சலோடு சேர்த்தது. இன்டர்ஸ்கோப் அதற்கு முன்பே யுனிவர்சல் பக்கம் போயிருந்தது. ‘ஏய்ம்’ அல்பத்தில் சேர்ந்து நின்ற பொலிடோரும் யுனிவர்சல்தான். ஆக, ‘ஏய்ம்’முக்கும் ‘மாதா’வுக்கும் நடுவில் மாறியது வட்டைதான், அதாவது வயல்வெளிதான், போடியார் மாறவில்லை. மேல்வட்டையை விட்டுவிட்டுக் கீழ்வட்டைக்குப் போனார், கணக்குப் புத்தகம் ஒரே வீட்டில் இருக்கிறது.

இதை மருமகனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க எல்லாத்தையும் காணி வழக்காத்தான் பாப்பீங்க. மனிசர் மாறினாக் கொம்பனியும் மாறும்தானே?” என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே முதலாளிக்குக் கீழே இருந்தாலும் ஒவ்வொரு லேபலுக்கும் வேறு ஆட்கள், வேறு ரசனை, வேறு அவசரம். உன் பாட்டை இருட்டாக்கு என்று சொல்கிற ஆள் இல்லாத அலுவலகம், எந்தக் கலைஞருக்கும் பெரிய விடுதலைதான். இன்னொன்றையும் அவன் பக்கத்தில் சேர்க்க வேண்டும். ‘ஏய்ம்’முக்கும் ‘மாதா’வுக்கும் இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. 2020இல் பேட்ரியன் வழியாக ரசிகர்களிடமே நேராகப் பாட்டுக் கொடுத்துப் பார்த்தார். அதே வருடம் டிராவிஸ் ஸ்கொட்டின் ‘ஃபிரான்சைஸ்’ பாட்டில் ஒரு பகுதி பாடினார். அது அமெரிக்கப் பட்டியலில் நேரே முதலிடத்தில் இறங்கியது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ தொடாத இடத்தை அவர் தொட்டது, அடுத்தவர் பாட்டில் விருந்தாளியாகப் போனபோதுதான்.

அல்பம் எப்படி? பதின்மூன்று பாட்டு, அரை மணிக்குச் சற்று மேல் ஓடுகிறது. தொடக்கத்து இரண்டு பாட்டுக்கும், சுதந்திரம் ஒரு மனநிலை என்று அர்த்தம் வரும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துக்களைப் பெயராக வைத்திருக்கிறார். மனநிலைக்கு முத்திரைத் தீர்வை இல்லை, யாரும் வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்துச் சிரித்தேன். ஆனால் அந்தப் பாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. வேகமாக, மூச்சு விடாமல், சந்தையில் கூவுவது மாதிரிப் பாடுகிறார். இளைய வயதில் கேட்ட குரல் திரும்பி வந்தது போல இருந்தது.

நடுவில் அல்பம் தளர்கிறது. ‘பொப்பியுலர்’ பாட்டு எனக்கு ஒட்டவில்லை. தன்னையே தான் கொண்டாடுகிற பாட்டு. அதன் வீடியோவில் தன்னைப் போலவே ஒரு இயந்திரப் பெண்ணைச் செய்து, அதற்குப் புகழ்பெற்றவளாக நடக்கப் பழக்குகிறார். வீடியோவில் இருக்கும் கிண்டல் பாட்டில் அரைவாசிதான் வருகிறது. ‘த வன்’ பாட்டு மெதுவாக, இயந்திரம் பூசிய குரலில் போகிறது. அந்த மாதிரிப் பாட்டை அவரைவிட நன்றாகச் செய்ய அமெரிக்காவில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். ‘பீப்’ விளையாட்டு, கேட்டுவிட்டுப் போகலாம்.

‘புத்தி’ வேறு. டொரொன்டோவைச் சேர்ந்த தமிழ் ராப் பாடகி நாவ்ஸ்-47 இதில் சேர்ந்து பாடுகிறார். தமிழ் இங்கே தொட்டுக்கொள்ள வைத்த சட்னியாக இல்லை. முதல் அல்பங்களில் தமிழ் ஒலியைத் தூரத்தில் வைத்து, மேளமாக, சினிமாத் துண்டாக, கூச்சலாகக் கொண்டுவந்தவர், இதில் வாயைத் திறந்தே பேசவிடுகிறார். லேபல் மாறியதால் இது வந்தது என்று மருமகன் அடித்துச் சொல்கிறான். எனக்கு அப்படித் தெரியவில்லை. 2005இல் ஒரு தமிழ்ச் சொல்லை அமெரிக்க வானொலி தாங்காது. 2022இல் டொரொன்டோ, லண்டன், சூரிச், சென்னை என்று தமிழ் ராப்புக்கே ஒரு சந்தை இருக்கிறது. மலேசியாவில் யோகி பி குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்ததிலிருந்து அது வளர்ந்துகொண்டே வந்தது. கேட்கிற காது மாறியதும் கொம்பனிகள் பின்னால் வந்தன.

இன்னொரு பேச்சும் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர் பாட்டில் வருகிற ஈழம் யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் நடுவில் கிடக்கிறது, மட்டக்களப்பு அதில் இல்லை என்பார்கள். உண்மைதான். அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் சத்தத்தை நாம்தான் பதிய வேண்டும். இது என்னை மருமகனின் அறைக்குக் கொண்டுவருகிறது.

அறை என்பது தங்கச்சி வீட்டின் பின்பக்கம், முன்பு நெல் மூட்டை அடுக்கிய இடம். மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்துக் கட்டியிருக்கிறான். பழைய சேலை இரண்டு கூரையிலிருந்து தொங்குகிறது. எதிரொலி வராமல் இருக்கவாம். ஒரு மைக், ஒரு லப்டொப், அதில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசைச் செயலி. பதியும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், அதன் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். மட்டக்களப்பு வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்தில் துவாய் போட்டுக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவான். பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பாட்டில் அந்தச் சேவலையே விட்டுவைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது.

அவனுடைய இரண்டு மூன்று பாட்டு யூடியூபில் கொஞ்சம் ஓடியது. கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி ஒப்பந்தம் அனுப்பியது. முழுக்க ஆங்கிலம். “மாமா, நீங்க உறுதி எழுதுற ஆள்தானே, இதக் கொஞ்சம் பாருங்க” என்று போனை நீட்டினான். போனில் உறுதி வாசிக்க மாட்டேன், அச்சடித்துக்கொண்டு வா என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எழுதிய உறுதி எதிலும் கடைசியில் அட்டவணை என்று ஒன்று இருக்கும். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் காணி, தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் காணி, விஸ்தீரணம் இவ்வளவு. எல்லை இல்லாமல் காணி இல்லை. இந்த ஒப்பந்தத்தில் அட்டவணை இல்லை. ‘ஒப்பந்தக் காலத்தில் கலைஞர் பதியும் எல்லா ஒலிப்பதிவுகளும்’ என்று ஒரே வரி. குளியலறையில் பாடிப் போனில் பதிந்தாலும் அவர்களுடையது. எங்கே செல்லும்? உலகம் முழுவதும் என்றுகூட இல்லை, பிரபஞ்சம் முழுவதும் என்று இருந்தது. நான் அவனைப் பார்த்தேன். “எல்லாருக்கும் இப்பிடித்தானாம் மாமா” என்றான். அது உண்மைதான், உலகத்து லேபல்காரர் பலர் எழுதுகிற வாசகம் அது. எவ்வளவு காலத்துக்கு? நிரந்தரமாக. எந்த ஊடகத்தில்? இப்போது இருக்கிறதும், இனிமேல் கண்டுபிடிக்கப்படப் போகிறதும். அடுத்த இரண்டு அல்பத்தை வேண்டும் என்றால் எடுக்கும் உரிமை கொம்பனிக்கு, வேண்டாம் என்று போகும் உரிமை இவனுக்கு இல்லை. மேடையில் பாடிக் கிடைப்பதிலும் அவர்களுக்குப் பங்கு. முற்பணம் ஒரு நல்ல மைக் வாங்கும் அளவுக்கு.

சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். இலங்கையில் இது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வருகிறது. எழுதியவனின் பதிப்புரிமை அவன் இருக்கும் வரைக்கும், இறந்த பிறகு 70 வருடமும். ஒலிப்பதிவுக்கு 50 வருடம். காணியாக இருந்தால் 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் முன்னால் இருக்க வேண்டும், நொத்தாரிசு வாசித்து விளக்க வேண்டும். அரை ஏக்கர் மேட்டுக்காணி விற்க இவ்வளவு சடங்கு. ஒருவன் வாழ்நாளில் பாடப்போவதை எழுதிக்கொடுக்க ஒரு கையெழுத்துப் போதும், அதுவும் போன் திரையில் விரலால் கிறுக்கினால் சரி.

அமெரிக்காவில் ஒரு ஆறுதல் இருக்கிறது. 1978க்குப் பிறகு எழுதிக்கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துக் கலைஞர் திருப்பிக் கேட்க அங்கே சட்டத்தில் வழி உண்டு. டெய்லர் ஸ்விஃப்ட் போல வசதி இருந்தால், பழைய அல்பங்களையே மறுபடி பாடிப் பதிந்து போட்டிக்கு விடலாம். மருமகனின் ஒப்பந்தத்தில் மறுபடி பதியக்கூடாது என்றும் ஒரு பந்தி இருந்தது. எழுதியவர் கெட்டிக்காரர்.

தமிழில் இந்த வலி புதிதில்லை. இளையராஜா தன் பாட்டுகளுக்காக நீதிமன்றம் ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2021இல் உலகமே ஆடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டால் தங்களுக்கு ஒரு சல்லிக் காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அத்தனை கோடித் தடவை ஓடிய பாட்டுக்கே இப்படியொரு பேச்சு வந்ததென்றால், நெல்லறையில் மின்விசிறியை நிறுத்திப் பாடுகிறவன் பந்தி பந்தியாக வாசிக்காமல் இருக்கலாமா?

ஒப்பந்தத்தில் இன்னொரு பந்திதான் எங்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோனது. ‘இப்பதிவுகளில் வேறு எவருக்கும் உரிமை இல்லை என்று கலைஞர் உறுதியளிக்கிறார்.’ யாருடைய சத்தமாவது உன் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். அவனுடைய பெயர் வாங்கிய பாட்டின் அடித்தாளம் முழுவதும் பறைமேளம். ஒரு கோயில் சடங்கில், பறைமேளக் கூத்து நடந்த இரவு போனில் பதிந்தது. தம்பட்டமும் சொர்ணாளிக் குழலும் சேர்ந்து ஏறும் ஓர் இடத்தை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறான். அடித்தவரிடம் சொல்லவில்லை.

நிகழ்த்துகிறவனுக்கும் அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஆனால் சட்டத்தைவிட ஊர் பெரிது. பறை அடிக்கும் குடும்பங்களைச் சாவுக்கும் சடங்குக்கும் கூப்பிடுவோம், கூலி கொடுத்து அனுப்புவோம், பெயர் கேட்க மாட்டோம். பல்கலைக்கழக மேடையில் பறை ஏறி எத்தனையோ வருடம் ஆகியும் ஊருக்குள் அந்தப் பார்வை முழுதாகப் போகவில்லை. ‘பேர்ட் ஃப்ளூ’வில் உறுமி அடித்த சென்னைக் கலைஞர்களின் பெயர் உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று மருமகன்தான் கேட்டான். நான் கேட்டிருந்தால் காணி வழக்கு என்று சொல்லியிருப்பான்.

போனோம். பெரியவர் வாசலில் தோல் காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் இவன் இயர்போனை மாட்டிவிட்டான். கண்ணை மூடிக் கேட்டார். இவன் ராப் வரிகளை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. விரல் மட்டும் தொடையில் ஓடியது. திடீரென்று நின்றது.

“இதுல ஒரு அடி குறையுது மகன்” என்றார்.

இவன் விளங்காமல் நின்றான். அவர் வாயால் சொற்கட்டைச் சொல்லிக் காட்டினார். இவன் வெட்டிய இடத்தில் தாளத்தின் கடைசி அடி கத்தரிக்குள் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நொண்டிக்கொண்டு வந்திருக்கிறது. எத்தனையோ ஆயிரம் பேர் கேட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதுதான் இந்தப் பாட்டின் புதுமை என்று ஒரு பொடியன் கீழே கருத்துக்கூடப் போட்டிருந்தான். பெரியவர் மேளத்தை எடுத்து வந்து, தீயில் காட்டிப் பதமாக்கி, முழுச் சுற்றையும் அடித்துக் கொடுத்தார். “மறுகா இதப் போடு” என்றார். காசு பேசினோம். இனி வருவதில் பங்கும், பாட்டில் பெயரும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதினேன். என் தொழிலில் நான் எழுதிய மிகச் சின்ன உறுதி அதுதான். அட்டவணையில் ஒரே ஒரு பாட்டு.

புதிய தாளத்தோடு பாட்டு வேறாகிவிட்டது. முன்பு ஓடி விழுந்ததுபோல இருந்தது, இப்போது நடந்து வருகிறது. வேகம் குறைந்துபோயிற்று என்று மருமகனுக்குக் கொஞ்சம் மனக்குறை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கொழும்புக் கொம்பனிக்கு மாற்றங்கள் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினோம். பதில் வந்தது, அதற்கே எனக்கு ஆச்சரியம். பாட்டுகளின் பட்டியல் போட ஒத்துக்கொண்டார்கள். நிரந்தரம் என்பதை வருடக் கணக்காக்கவும் சம்மதம். பறைமேளக்காரரின் பெயரும் பங்கும் சேரும். பிரபஞ்சம் அப்படியே இருக்கட்டும் என்றார்கள், செவ்வாய்க் கிரகத்தில் ஓடினால் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். மேடை வருமானத்தில் பங்கு என்ற பந்தியை மட்டும் எடுக்க மாட்டார்களாம். அதோடு கையெழுத்து வைக்கக்கூடாது என்கிறேன் நான். மேடையே இன்னும் கிடைக்கவில்லை, இல்லாத வருமானத்தில் பங்கு கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்கிறான் அவன். தங்கச்சி அவன் பக்கம். ஒப்பந்தம் என் மேசையில் கிடக்கிறது, கொம்பனி இந்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறது.